காலி ஸ்லாட்டில் வளர்ந்த தொழில்கள்

சேலம், நாமக்கல் பக்கம் கம்ப்யூட்டர் வாங்குவது ஒரே நாளில் முடிகிற காரியமாக இருந்ததில்லை. 1990-களில் முதலில் போர்டு, பிராசஸர், சின்னதாக ஒரு ஹார்டு டிஸ்க் என்று ஆரம்பிப்பார்கள். கரும்புப் பணம் கைக்கு வந்ததும் ரேம் கூடும். தீபாவளி சீசன் முடிந்ததும் கறுப்பு வெள்ளை மானிட்டர் போய்க் கலர் மானிட்டர் வரும். அதற்கடுத்த வருஷம் நல்லதாக ஒரு டிஸ்ப்ளே கார்டு. கைக்கு எப்போது காசு வந்ததோ, அப்போது மிஷினும் கொஞ்சம் வளர்ந்தது.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். மிஷின் நின்றுபோனால் சரிபார்க்க ஆள் வரும்வரை கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. என் கடைக்கு வருகிற சி.பி.யூ.க்களில் பெரும்பாலானவை பழசு. “அக்கா, புதுசு வாங்க இப்ப முடியாதுங்க. ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டு ஓட வெச்சுக் குடுங்க” என்றுதான் கொண்டுவந்து வைப்பார்கள்.

பழைய டெஸ்க்டாப் போர்டின் ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு செருகுவது கால் மணி நேர வேலை. அதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இந்த வட்டாரத்தின் அச்சுத் தொழில், சேலை டிசைன், கல்யாண வீடியோ எல்லாமே அந்த ஒற்றை ஸ்லாட்டை நம்பித்தான் அடுத்த படிக்கு ஏறின. ஸ்லாட்டே இல்லாத மிஷின்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில், அந்த வரலாற்றை எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

தாய் மொழிக்காக ஓர் அட்டை

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் போர்டில் மானிட்டரைச் செருகவே இடம் கிடையாது. ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் டிஸ்ப்ளே அட்டையைப் பொருத்தினால்தான் திரையில் எதுவும் தெரியும். ஐ.பி.எம். இரண்டு அட்டைகளை விற்றது. எம்.டி.ஏ. என்ற அட்டை எழுத்தை மட்டும் காட்டும்: வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. எழுத்து கூர்மையாக இருக்கும், படம் வராது. சி.ஜி.ஏ. என்ற அட்டையில் 320-க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறத்தில் படம் வரும். ஆனால் எழுத்து பிசிறடிக்கும்.

அந்தப் பெட்டியின் சர்க்யூட் வரைபடத்தை ஐ.பி.எம். தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டு விற்றது. ஸ்லாட்டின் எந்தக் காலில் என்ன சிக்னல் வரும் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. யார் வேண்டுமானாலும் அட்டை செய்யலாம். அதற்கு முன்பே, 1977-ல் வந்த ஆப்பிள் 2-வில் எட்டு ஸ்லாட்டுகள் இருந்தன. நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டுவைப்பார்கள். பிள்ளைகள் தலையெடுத்ததும் மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்ற கணக்கு. ஸ்லாட்டும் அப்படி விட்டுவைத்த கம்பிதான்.

அந்தக் கம்பியைப் பிடித்து முதலில் மாடி எழுப்பியவர்களில் ஒருவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் தாய்லாந்து எழுத்தில் எழுத ஆசைப்பட்டார். எம்.டி.ஏ. அட்டையில் ஏற்கெனவே பதித்த எழுத்துருவங்கள் மட்டுமே வரும். சி.ஜி.ஏ.வின் புள்ளிகளோ தாய் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகளுக்குப் போதாது. ஆகவே அவரே ஓர் அட்டையை வடிவமைத்தார். 720-க்கு 348 புள்ளி, ஒரே நிறம், எழுத்தும் வரும், படமும் வரும். 1982-ல் ஹெர்குலிஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த அட்டை உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துச் செய்த மலிவான அட்டைகள் தைவானிலிருந்து குவிந்தன. 1984 நவம்பரில் இந்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதியைத் தளர்த்திய பிறகு, அவை நம் பக்கமும் வந்தன.

நாமக்கல்லில் லாரி ஃபைனான்ஸ் அலுவலகங்கள், தீவன மில்கள், கோழிப்பண்ணை ஆபீஸ்களில் நான் பார்த்த முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அந்த ரகம். கறுப்புத் திரை, பச்சை அல்லது மஞ்சள் எழுத்து, பக்கத்தில் கறகறவென்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். தவணைக் கணக்கும் முட்டை லோடு கணக்கும் பார்க்கிறவர்களுக்குப் படம் எதற்கு? அந்த மோனோ அட்டைகளை வருஷக்கணக்கில் யாரும் தொடவே இல்லை. ஓடினபடியே ஓடின.

தமிழுக்காக ஓர் அட்டை

சுவன்னுகுல்லுக்கு வந்த அதே சிக்கல் நமக்கும் இருந்தது. எழுத்தை மட்டும் காட்டும் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம். அந்தக் கட்டத்தில் “i” அடங்கும் மாதிரியே “ணை”யும் அடங்க வேண்டுமென்றால் நடக்காது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இதெல்லாம் அந்த அட்டைகளுக்குத் தெரியாது.

ஐ.ஐ.டி. கான்பூரில் 1980-களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி தேடினார்கள். 1983-ல் டெல்லியில் நடந்த உலக ஹிந்தி மாநாட்டில் தேவநாகரி காட்டும் டெர்மினலை வைத்தார்கள். 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கியதும் மோகன் தாம்பேயும் குழுவினரும் அந்த வேலையை அங்கே கொண்டுபோனார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஜிஸ்ட் அட்டை. சாதாரண கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் அதைச் செருகினால், வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில சாஃப்ட்வேர்களிலேயே தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் அடிக்கலாம். சாஃப்ட்வேரில் கைவைக்கவே வேண்டாம். எழுத்து எந்த வரிசையில் உள்ளே வந்தாலும், அதை உருவமாகக் கோத்துத் திரையில் காட்டுகிற பொறுப்பை அட்டை ஏற்றுக்கொண்டது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இஸ்கி குறியீடு 1991-ல் இந்தியத் தர நிர்ணயமாகவும் ஆயிற்று.

அட்டை இல்லாமல் சாஃப்ட்வேர் வழியாகவே தமிழைக் கொண்டுவந்தவர்களும் அப்போது இருந்தார்கள். கனடாவில் ஸ்ரீநிவாசன் செய்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு ஆகியவை அந்த வழியில் வந்தவை. அவர்களுக்கும் படம் காட்டத் தெரிந்த டிஸ்ப்ளே அட்டை தேவைப்பட்டது. எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து காட்ட வேண்டியிருந்ததே காரணம்.

ஒருமுறை பழைய 286 பெட்டி ஒன்றைக் காயலான் கடைக்குப் போகும் முன் பிரித்தபோது, உள்ளே ஜிஸ்ட் அட்டை இருந்தது. டிஸ்ப்ளே அட்டையும் அதுவும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் தூசி படிந்து கிடந்தன. நான் தினமும் அடித்துப் பிழைத்த தமிழ், கம்ப்யூட்டருக்குள் செருகி வைத்த அட்டையாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஸ்லாட் மட்டும் மூடியிருந்தால், நம் எழுத்துக்காக அமெரிக்கக் கம்பெனி வாசலில் நாம் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

1992-ல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப் எழுத்துருக்களோடு வந்தது. அதன்பின் தமிழுக்கென்று தனி அட்டை தேவைப்படவில்லை. ஆனால் ஆங்கிலம் உட்பட எல்லா எழுத்துகளுமே திரையில் படமாக வரையப்பட ஆரம்பித்தன. டிஸ்ப்ளே அட்டைக்கு வேலை பலமடங்கு கூடியது.

அச்சகமும் சேலையும்

அந்தக் கூடுதல் வேலையில்தான் சேலத்து அச்சகங்களுக்குப் பிரச்சினை முளைத்தது. அப்போது நம் பக்கம் அதிகம் ஓடிய அட்டைகள் ட்ரைடென்ட் 9440, எஸ்3 ட்ரயோ. பெரும்பாலும் 1 எம்.பி. நினைவகம். கணக்கு எளிது. 1024-க்கு 768 புள்ளி வைத்தால் மொத்தம் ஏறக்குறைய எட்டு லட்சம் புள்ளி. புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 1 எம்.பி.க்குள் அடங்கும், ஆனால் 256 நிறத்துக்குமேல் வராது. முழு நிறம் வேண்டுமென்றால் புள்ளிக்கு மூன்று, நான்கு பைட் தேவை. 1 எம்.பி.யில் அது முடியாது. கல்யாணப் பத்திரிகையில் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் திரையில் ஒரு மாதிரியும் அச்சில் வேறு மாதிரியும் வந்ததற்கு மையும் பேப்பரும் பாதிக் காரணம் என்றால், திரையே சரியான நிறத்தைக் காட்டாதது மீதிக் காரணம்.

அந்த அட்டைகள் பலவற்றில் இரண்டு காலிச் சாக்கெட்டுகள் இருக்கும். மெமரி சிப் வாங்கி அதில் அழுத்தினால் 1 எம்.பி. 2 எம்.பி.யாகும். சிப்பின் மூலையில் ஒரு புள்ளியும் சாக்கெட்டின் மூலையில் ஒரு சரிவும் இருக்கும். இரண்டையும் பொருத்திவைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் மடங்கிவிடும். அழுத்திவிட்டு மிஷினைப் போட்டு, 256 நிறத்திலிருந்து 65 ஆயிரம் நிறத்துக்கு மாற்றும்போது, திரையில் அம்மன் படத்தின் முகம் திட்டுத்திட்டாக இருந்தது போய் வழவழப்பாகும். ஆபரேட்டர் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நான் பார்த்த முதல் ‘அப்கிரேடு’ அதுதான்.

சேலத்துக்கு மேற்கே இளம்பிள்ளையில் கதை வேறு. அங்கே சேலைதான் ஊர். சேலையில் டிசைனை நெய்ய உதவும் ஜக்கார்டு என்ற பொறியைப் பிரான்ஸில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் நிலைநிறுத்தினார். துளையிட்ட அட்டைகளின் மாலை சுற்றச் சுற்ற, எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளை முடிவு செய்யும். டிசைனர் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டுவார். பஞ்சிங் போடுகிறவர் வரி வரியாக அதைப் படித்து அட்டையில் துளை போடுவார். ஒரு முந்தானைக்கு நாள்கணக்கில் வேலை பிடிக்கும்.

அந்தக் கிராப் பேப்பர் கம்ப்யூட்டருக்குள் ஏறியபோது, கட்டம் ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாயிற்று. மாங்காய், மயில், கோபுரம் எல்லாம் புள்ளிக்கணக்கு. டிசைனருக்கு இரண்டு வேண்டும்: ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் பார்டரும் உடம்பும் முந்தானையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தள்ளிநின்றும் பார்க்க வேண்டும். சின்னத் திரையில் குறைந்த புள்ளியில் அது நடக்காது. 1280-க்கு 1024 புள்ளியில், புள்ளிக்கு நான்கு பைட் வீதம் முழு நிறம் என்றால் 5 எம்.பி. நினைவகம் தேவை. 8 எம்.பி. அட்டையும் 17 இன்ச் மானிட்டரும் சேர்ந்து போட்டுக்கொண்டவர்களின் டிசைன் வேகம் கூடியதை நான் நேரில் பார்த்தேன். நெசவுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, “அந்த மயில் கழுத்த இன்னும் கொஞ்சம் வளைங்க, ஜரிகைக்கு எடுபடும்” என்று சொல்லச் சொல்ல டிசைன் மாறும். தறியில் ஓட்டிப் பார்த்துத் திருத்துகிற செலவு அங்கே மிச்சமானது.

அந்த மிஷின்களுக்கு எதிரி பஞ்சுத் தூசி. விசைத்தறி இருக்கும் இடத்தில் பஞ்சு காற்றிலேயே மிதக்கும். அட்டையின் ஃபேனில் அது நூலாகச் சுற்றிக்கொள்ளும். ஃபேன் நின்றால் சிப் சூடாகி, திரையில் கோடு கோடாக விழும். சித்திரை வெயிலில் இந்தப் புகாரோடு வருகிறவர்கள் அதிகம். அட்டையைக் கழற்றி, பிரஷால் பஞ்சை எடுத்து, ஹீட்சிங்க்கைப் பிரித்துப் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு தடவ வேண்டும். பிறகு அட்டையின் அடியில் இருக்கும் தங்கப்பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ரப்பர் கறுத்துப்போகும், பற்கள் மின்னும். செருகி ஆன் செய்ததும் ஒரே ஒரு குட்டை பீப் கேட்டால் டிஸ்ப்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அவார்டு பயாஸ் உள்ள போர்டில் நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் கேட்டால் அட்டை இன்னும் உட்காரவில்லை. பஞ்சு அதிகமுள்ள இடங்களுக்கு, ஃபேன் இல்லாமல் பெரிய ஹீட்சிங்க் மட்டும் வைத்த அட்டைகளைத் தேடிப் பிடித்துப் போடுவேன். வேகம் குறைவுதான், ஆயுள் கெட்டி.

வெட்டு பார்த்துச் செருகிய காலம்

1997-ல் ஏ.ஜி.பி. என்ற தனி ஸ்லாட் வந்தது. அதுவரை இருந்த பி.சி.ஐ. ஸ்லாட்டை எல்லா அட்டைகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், ஏ.ஜி.பி. டிஸ்ப்ளேவுக்கு மட்டும். அதே வருஷம் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. 2005-க்குள் கம்ப்யூட்டர் பொருள்களின் இறக்குமதி வரி படிப்படியாக இல்லாமல் போனது. அதே 1997 ஜனவரியில்தான் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அலுவலகங்கள், கல்லூரிகள், பிரவுசிங் சென்டர்கள் என்று மிஷின்கள் பெருகின. சரக்கு எடுக்க நாங்கள் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலையில் சென்னையில் இறங்கி, ரிச்சி தெருவில் கடை திறக்கும்வரை காத்திருப்போம். பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போகிறவர்களும் உண்டு.

அந்தக் காலத்துச் சிக்கல் வோல்ட்டேஜ். முதலில் வந்த ஏ.ஜி.பி. அட்டைகள் 3.3 வோல்ட்டில் ஓடின, பின்னால் வந்தவை 1.5 வோல்ட்டில். தவறாகச் செருகாமல் இருக்க அட்டையின் பற்களுக்கு நடுவே வெட்டு ஒன்றை வேறுவேறு இடத்தில் வைத்தார்கள். இன்டெல் 845 போர்டுகள் 1.5 வோல்ட் அட்டையை மட்டுமே ஏற்கும். ஆனால் சில மலிவு அட்டைகளில் இரண்டு வெட்டும் இருக்கும், ஓடுவதோ 3.3 வோல்ட்டில். அதை 845-ல் செருகினால் போர்டே போய்விடும். அதனால் வெட்டை மட்டும் நம்பாமல், சிப்பின் பெயரையும் படித்துவிட்டுத்தான் செருகுவது என்று வைத்துக்கொண்டோம்.

போர்டிலேயே டிஸ்ப்ளே சேர்ந்து வருகிற வழக்கமும் அதே நேரத்தில் பரவியது. 1999-ல் இன்டெல் 810 வந்தது. விலை குறைவு. ஆனால் டிஸ்ப்ளேவுக்கென்று தனி நினைவகம் இல்லாமல் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், 810-க்கு ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. 845ஜி.வி., 865ஜி.வி. போர்டுகளும் அப்படித்தான். பெயரின் கடைசியில் இருக்கும் அந்த ‘வி’யைப் பார்க்காமல் வாங்கியவர்கள் ஏராளம். பிரவுசிங் சென்டரில் பையன்கள் ‘வைஸ் சிட்டி’ விளையாடக் கேட்ட காலம் அது. “ஏனுங்கக்கா, கார்டு போட்டா ஓடுமுங்களா?” என்று சென்டர்க்காரர் சி.பி.யூ.வைத் தூக்கிவருவார். மூடியைக் கழற்றினால் பழுப்பு நிற ஏ.ஜி.பி. ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் ஈயம் பூசிய துளைகள் மட்டும் வரிசையாக இருக்கும். பி.சி.ஐ. ஸ்லாட்டில் போடக்கூடிய எம்.எக்ஸ். 4000, எஃப்.எக்ஸ். 5200 அட்டைகளைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொடுத்தோம். ஏ.ஜி.பி. அளவு வேகம் வராது. ஆனாலும் ரேம் விடுபட்டதில் மிஷினுக்கு மூச்சு வந்தது.

கல்யாண வீடியோவும் ஒரு சின்ன ஃபைலும்

நம் வட்டாரத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு மனதாரக் காசு செலவழித்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள். மினி டி.வி. (Mini DV) கேசட் காலத்தில் ஒரு மணி நேர வீடியோ ஹார்டு டிஸ்க்கில் 13 ஜி.பி. எடுக்கும். ஆனாலும் பழைய மிஷின் சமாளித்தது. ஹெச்.டி. கேமரா வந்ததும் நிலைமை மாறியது. ஃபைல் சின்னது, ஆனால் நெருக்கிச் சுருட்டியது. அதை விரித்துக் காட்ட கோர் 2 டுயோ பிராசஸர் திணறும். தாலி கட்டும் காட்சியே விட்டுவிட்டு ஓடும். மிக்ஸிங் போடுகிற தம்பி எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியாமல் தவிப்பார்.

2010-ல் வந்த அடோபி பிரிமியர் சி.எஸ்.5-ல் அந்தப் பாரத்தைக் கிராபிக்ஸ் கார்டு சுமக்க வழி செய்தார்கள். என்விடியாவின் கூடா நுட்பம் உள்ள அட்டை வேண்டும். ஆனால் அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்த அட்டைகள் விலை கூடியவை. அந்தப் பட்டியல் சாஃப்ட்வேரோடு வந்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றில் இருந்தது. நோட்பேடில் அதைத் திறந்து, நம் அட்டையின் பெயரைக் கடைசி வரியில் சேர்த்துச் சேமித்தால் போதும், 1 ஜி.பி. அளவு நினைவகம் உள்ள சாதாரண அட்டைகூட வேலை செய்ய ஆரம்பித்துவிடும். இந்த விஷயம் ஸ்டூடியோவிலிருந்து ஸ்டூடியோவுக்கு வாய்வழியாகவே பரவியது. ராசிபுரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொடுத்தால், அடுத்த முகூர்த்தத்துக்குள் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஆள் வருவார்.

அதே சமயத்தில்தான் தமிழகத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. கார்டு போட்ட மிஷின் யு.பி.எஸ். பேட்டரியை வேகமாகக் குடிக்கும். ரெண்டர் பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இன்னொரு தொல்லை, மிஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. லேபிளில் 450 வாட் என்று போட்டிருக்கும், பாதிச் சுமையிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். கார்டு வாங்கக் காசு வைத்திருந்தவர்களிடம் எஸ்.எம்.பி.எஸ்.சையும் மாற்றச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

அதற்கு விடை 2014-ல் வந்தது. ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. அட்டை 60 வாட்டில் ஓடியது. ஏ.ஜி.பி.க்கு அடுத்து வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி மின் வயர் தேவையில்லை. வீடியோவைச் சுருட்டி வெளியே எடுக்கும் வேலைக்கென்றே அதற்குள் தனிப் பகுதி உண்டு. 2017-ல் வந்த ஜி.டி. 1030 அதைவிடப் புதியது, 30 வாட்தான் எடுக்கும். ஆனால் அந்தச் சுருட்டும் பகுதி அதில் இல்லை. ஆகவே ஸ்டூடியோக்காரர்களுக்கு இன்றும் பழைய 750 டி.ஐ.யையே சொல்கிறேன். அட்டை எந்த வருஷத்தில் வந்தது என்பதைவிட, நம் வேலைக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

மூடிக்கொண்டே வரும் பெட்டி

இப்போது என் கடைக்கு வருபவை பெரும்பாலும் பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்புகள். ஐ5 நான்காம் தலைமுறை, ஒல்லியான பெட்டி. உழைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் உயரம் குறைந்த அட்டைதான் நுழையும், எஸ்.எம்.பி.எஸ். 250 வாட் அளவில்தான் இருக்கும், அதன் பிளக்கும் கம்பெனிக்கென்று தனி அமைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது. புதிய அட்டைகள் பழைய போர்டோடு ஒத்துப்போவதும் குறைந்துவருகிறது. 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. அட்டை நான்கு பாதையில் மட்டுமே தகவலை எடுக்கும். பழைய ஸ்லாட்டில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடுவதால் அட்டையும் தளர்ந்துவிடும். இன்டெல் ஆர்க் அட்டைகளுக்குப் போர்டின் பயாஸில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் வேகம் வரும். ஏ.ஜி.பி. காலத்தில் வெட்டைப் பார்த்தது போய், இன்று பயாஸைப் பார்க்கிறோம்.

இடையில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துச் செய்யும் கிரிப்டோ மைனிங் வேறு. 2017-லும் 2020, 2021-லும் சாதாரண அட்டைகள்கூட எட்டாத விலைக்குப் போயின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும் பயன்படுத்திய அட்டைகள் சந்தையில் குவிந்தன. அவற்றில் நல்லதைப் பொறுக்கி எடுப்பதே இப்போது ஒரு கலையாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. லேப்டாப்பில் ஸ்லாட் இல்லை. அதன் புதிய ரகங்கள் பலவற்றிலும் உள்ளங்கையளவு மினி பி.சி.கள் சிலவற்றிலும் ரேமையே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். ஸ்லாட்டை மூடும் முயற்சி ஒன்றும் புதிதல்ல. 1987-ல் ஐ.பி.எம். தன் பி.எஸ்.2 மிஷின்களில் உரிமக் கட்டணம் கேட்கும் புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஒன்பது கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து பழைய அட்டையும் பொருந்தும்படி வேறொரு ஸ்லாட்டை அறிவித்தன. மக்களும் திறந்த ஸ்லாட்டையே விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்கள். அன்று அது மூடியிருந்தால், இளம்பிள்ளை டிசைனருக்கு 8 எம்.பி. அட்டை கிடைத்திருக்காது. அச்சகத்துக்காரர் சிப் வாங்கிச் செருகியிருக்க முடியாது. என்னைப் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டோம்.

ஆகவே மிஷின் வாங்க வருகிற எல்லோரிடமும் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன். நீளமான ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ். கடையில் கிடைக்கும் அளவா, ரேம் கழற்றி மாட்டக்கூடியதா? இந்த மூன்றும் இருந்தால் அந்த மிஷின் இன்னும் பத்து வருஷம் உங்கள் தொழிலோடு சேர்ந்து வளரும். பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கழித்துக்கட்டிய சி.பி.யூ.க்களைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் பிள்ளைகள் கையில் கொடுத்து, அட்டையைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் இந்தத் தொழிலைக் கற்றவர்களில் பெரும்பாலோர் திறந்துகிடந்த பெட்டியைப் பார்த்துத்தான் கற்றோம். அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் திறக்கக்கூடிய பெட்டி கையில் இருக்க வேண்டும்.